கிள்ளான் மண்கோட்டை

கோட்டை என்றவுடன் தமிழர் மனக்கண்முன் எழுவன செஞ்சியும் வேலூரும். மலையோடு மலையாய் நிற்கும் கல்மதில், ஆழ்ந்த அகழி, யானை நுழையும் வாயில் என்று ஒரு வடிவம் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. ஜப்பான் நாட்டுக்குச் சென்று வந்தோர் வேறொரு வடிவத்தை நினைவில் கொண்டு வருவர்: சரிந்தெழும் கல்லடித்தளம், அதன்மேல் வெண்சுவர், அடுக்கடுக்கான வளைகூரை. இவற்றுள் ஒன்றை எதிர்நோக்கிக் கிள்ளானுக்கு வந்து, ராஜா மஹ்டி கோட்டை எங்கே என்று வினவிக் குன்றேறி நிற்பவர் சற்றே திகைப்பர். அங்கே வானளாவிய மதில் இல்லை. மாடமும் கொத்தளமும் இல்லை. கோட்டையின் பெயரைத் தாங்கி ஒரு வாயில் நிற்கிறது. சுற்றிலும் மேடும் மரமும் புல்லுமே காணப்படும். இதுதானா கோட்டை என்னும் வினா எவர்க்கும் எழும்.

அவ்வினா தவறன்று. ஆயின், அதற்குரிய விடையை அண்மையில் ஓடும் ஆற்றிடம் கேட்டறிதல் வேண்டும். கிள்ளான் ஆற்றை அறியாதார் கிள்ளான் கோட்டையை அறியார்.

கோட்டையும் கோத்தாவும்

மலாய்மொழியில் அரணுக்குக் 'கோத்தா' என்று பெயர். நகரத்தைக் குறிப்பதற்கும் அச்சொல்லே வழங்குகிறது. கோத்தா பாரு, கோத்தா திங்கி என்னும் ஊர்ப்பெயர்கள் தமிழ் மாணவரும் அறிந்தவை. கிள்ளானில் ஆற்றைக் கடக்கும் ஈரடுக்குப் பாலத்துக்கும் கோத்தா என்பதே பெயர். இச்சொல் வடமொழி வாயிலாக மலாயை அடைந்தது என்பாரும், அவ்வடசொல்லுக்கே திராவிட மூலம் காட்டுவாரும் உளர். எவ்வாறாயினும் தமிழரின் கோட்டைக்கும் மலாயரின் கோத்தாவுக்கும் உறவு உண்டு என்பதில் ஐயமில்லை.

பெயர் ஒன்றேனும் கட்டும் முறை வேறு. மலாய் நாட்டில் மழை மிகுதி, மரமும் மிகுதி. ஆகவே, போர்க்காலத்தில் மண்ணை வெட்டிக் கரையாக உயர்த்தி, அதன்மேல் மரங்களை நெருக்கி நட்டு அரண் அமைத்தனர். இத்தகைய அரணைக் 'கூபு' என்பர். சில நாட்களில் எழுப்பலாம். இழந்தால் வேறோர் இடத்தில் மீண்டும் எழுப்பலாம். கைவிடப்பட்ட கூபுவை மழையும் வேரும் சில ஆண்டுகளில் மீண்டும் மேடாக்கிவிடும்.

கல்லால் கட்டியது மட்டும் நிலைத்ததா எனின், அதுவும் இல்லை. 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் அங்குப் பெருங்கற்கோட்டை எழுப்பினர். பின்னர் அது டச்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று. 1807-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரே அதனை வெடிமருந்திட்டுத் தகர்த்தனர். இன்று மலாக்காவுக்குச் செல்வோர் அந்தக் கோட்டையில் காண்பதும் ஒரு வாயிலையே. கல்லும் வாயிலளவில் நின்றது. மண்ணும் வாயிலளவில் நின்றது.

திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் இருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். அங்கு வள்ளுவர் மதிலை மட்டும் அரண் எனக் கொள்ளவில்லை. தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கும் உடையதே அரண் என்கிறார். கிள்ளான் குன்றின்மேல் நின்று நோக்குவார்க்கு இவ்வரையறை கண்முன் விரியும். ஆறு நீரரண், குன்று மலையரண், அன்று சூழ்ந்திருந்த பெருங்காடு காட்டரண். இயற்கை தந்த இவ்வரண்களின்மேல் மனிதர் சேர்த்தது கொஞ்சம் மண்ணும் மரமுமே.

ஈயமும் ஆறும்

இக்குன்றைக் காத்தவர் எதனைக் காத்தனர்? அதற்கு விடை ஈயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிலாங்கூரின் உள்நாட்டில் ஈயம் தோண்டும் தொழில் பெருகிற்று. மலைநாட்டுத் தமிழர் 'லம்பம்' என வழங்கும் ஈயச்சுரங்கங்களுக்கு அக்காலத்தில் சாலை இல்லை. உள்ளிருந்து ஈயம் வெளியே வருவதும், வெளியிலிருந்து அரிசியும் அபினும் கருவிகளும் உள்ளே செல்வதும் ஆற்றின் வழியேதான். ஆகவே, ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமர்ந்தவன் படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்கலாம். விரும்பினால் வழியையே அடைக்கலாம். கிள்ளானின் பெருமை முழுவதும் இந்த இருப்பிடத்தில் அடங்கியிருந்தது.

கிள்ளானை முன்பு ஆண்டவர் சுல்தான் முகம்மதுவின் மகனான ராஜா சுலைமான். அவர் மறைந்தபின், அவருடைய மகன் ராஜா மஹ்டிக்குத் தந்தையின் நிலம் கிட்டவில்லை. சுல்தான் அதனை லூக்குட் தலைவர் ராஜா ஜுமாத்தின் உடன்பிறந்தாரான ராஜா அப்துல்லாவுக்கு வழங்கினார். பின்னாளில் மூண்ட போருக்கு முதல் வித்து இதுவே.

ராஜா அப்துல்லா முயற்சி மிக்கவர். அவரும் ராஜா ஜுமாத்தும் மலாக்காச் சீன வணிகரிடம் 30,000 வெள்ளி கடன் பெற்று, 1857-ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே மேலே அனுப்பினர். அவர்கள் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டில் ஈயம் தேடினர். காய்ச்சலுக்குப் பலியாகி அவர்களுள் 18 பேரே எஞ்சினர் என்பர். அவர்கள் இறங்கிய சேற்றுக் கூடலே கோலாலம்பூர் நகராக வளர்ந்தது. அதே 1857-ஆம் ஆண்டில் கிள்ளானில் ராஜா அப்துல்லா எழுப்பிய பண்டகசாலை, கெடோங் ராஜா அப்துல்லா என்னும் பெயரோடு இன்றும் நிற்கிறது. குடியிருப்பாகவும், ஈயமும் உணவுப்பொருளும் படைக்கலமும் வைக்கும் இடமாகவும் அது பயன்பட்டது. கோட்டைக் குன்றைக் காணச் செல்வோர் முதலில் இக்கட்டடத்தைக் காணுதல் நலம். கோட்டை காத்த செல்வம் எத்தகையது என்பதை அது உணர்த்தும்.

கோட்டை கைமாறிய வரலாறு

1866-ஆம் ஆண்டில் கிள்ளானின் வரி வாங்கும் உரிமை சிங்கப்பூர் வணிகரான ரீட் என்பாருக்கும் டான் கிம் செங் என்பாருக்கும் குத்தகையாக விடப்பட்டது. கிள்ளானில் அபின் வாணிகம் செய்துவந்த ராஜா மஹ்டி, அரசமரபில் வந்த தாம் அவ்வரியைச் செலுத்துவதற்கில்லை என மறுத்தார். பூசல் முற்றிப் போராயிற்று. 1867-ஆம் ஆண்டில் ராஜா மஹ்டி கிள்ளானைக் கைப்பற்றினார். ராஜா அப்துல்லா ஊரைவிட்டு நீங்கி, 1869-ஆம் ஆண்டில் மலாக்காவில் உயிர்நீத்தார். குன்றின்மேல் இருந்த அரண் ராஜா மஹ்டியின் பெயரைப் பெற்றது.

வென்ற ராஜா மஹ்டி செய்த பிழை, வருவாய் முழுவதையும் தமக்கே வைத்துக்கொண்டமை. கிள்ளான் வருவாயிலிருந்து சுல்தான் அப்துல் சமாதுக்குச் சேரவேண்டிய மாதம் 500 வெள்ளி நின்றுபோயிற்று. சுல்தானின் மகளுக்கும் ராஜா மஹ்டிக்கும் பேசியிருந்த மணமும் முறிந்தது. அம்மகளை மணந்தவர் கெடா அரசகுடும்பத்துத் தெங்கு குடின். அவரையே 1868-ஆம் ஆண்டில் சுல்தான் தம் பதிலாளாக அமர்த்தினார்.

இதற்கிடையில் ராஜா அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயில் படைதிரட்டி வந்தார். அவர் குன்றை நேரே தாக்கவில்லை. 1869 ஆகஸ்டில் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த காவலரண்களை எதிர்பாராத வகையில் கைப்பற்றினார். தெங்கு குடினும் அவரோடு சேர்ந்துகொண்டார். கடலுக்குச் செல்லும் வழி அடைபட்டது. ஈயம் வெளியே போகவில்லை. அரிசி உள்ளே வரவில்லை. 1870 மார்ச்சில் ராஜா மஹ்டி கிள்ளானைக் கைவிட்டு அகன்றார்.

ஒரு கோட்டையைக் கைப்பற்ற மூன்று வழிகளை வள்ளுவர் எண்ணுகிறார்: சூழ்ந்து முற்றுதல், முற்றாது பாய்ந்து தாக்குதல், உள்ளிருப்போரை வஞ்சனையால் தம்வயப்படுத்தல். உணவு நிறைந்திருத்தல் அரணுக்குரிய இலக்கணங்களுள் ஒன்று என்றும் கூறுகிறார். கிள்ளான் முதல் வழியால் வீழ்ந்தது. எந்த ஆறு அதற்கு வலிமை தந்ததோ, அந்த ஆற்றின் வாயை மூடியதும் குன்றின்மேல் இருந்த மண்கரையால் பயன் இல்லாமற் போயிற்று.

கடற்கரைக் குன்று

கிள்ளானை நீங்கிய ராஜா மஹ்டி அடுத்துப் பற்றிய இடம் கோலசிலாங்கூர். அக்கடற்கரை ஊரில் உள்ள மெலாவத்தி குன்று கிள்ளானைவிடப் பழமையான போர்வரலாறு உடையது. 1784-ஆம் ஆண்டில் சுல்தான் இப்ராகிம், ரியாவின் ராஜா ஹாஜியோடு சேர்ந்து டச்சுக்காரரின் மலாக்காவைத் தாக்கினார். அதற்கு மாறாக டச்சுக்காரர் அவ்வாண்டு ஆகஸ்டில் கோலசிலாங்கூரைக் கைப்பற்றி, தம் தலைமை ஆளுநர் ஆல்டிங் என்பாரின் பெயரால் குன்றுக்கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். கடலை நோக்கிப் பீரங்கிகளோடு காத்திருந்த அவர்களைச் சுல்தான் கடல்வழியே நாடவில்லை. பகாங் சென்று துணைபெற்று, 1785 ஜூனில் காட்டுவழியே வந்து இரவில் தாக்கினார். டச்சுக்காரர் கோட்டையை விட்டுக் கப்பலேறினர்.

அதே குன்று 1871 ஜூலையில் மீண்டும் குண்டுமழையில் நனைந்தது. சீனப் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கொள்ளையிட்டோர் அங்கு ஒளிந்துள்ளனர் என்று கூறி, ஆங்கிலேயரின் ரினால்டோ என்னும் போர்க்கப்பல் கோலசிலாங்கூரைத் தாக்கிற்று. அதன் பயனாக ஊர் தெங்கு குடின் கைக்கு வந்தது. ஆயினும், போர் ஓயவில்லை. 1872-ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் குன்றில் தெங்கு குடினின் படை முற்றுகைக்குள்ளாயிற்று. அங்கும் நிகழ்ந்தது கிள்ளானில் நிகழ்ந்ததே. வழியடைபட்ட படையினர் குன்றைக் கைவிட்டு வெளியேற, ஐரோப்பியத் தலைவர்களான வான் ஹேகனும் கவாலியேரியும் பெட்டாலிங்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். இன்று கோலாலம்பூர்க் கோபுரம் எழுந்து நிற்பது அக்குன்றின்மேலேயே. 1873-ஆம் ஆண்டில் பகாங் படையின் துணையோடு தெங்கு குடினும் கப்பித்தான் யாப் ஆ லோயும் கோலாலம்பூரை மீட்டனர். அவ்வாண்டு நவம்பரில் கோலசிலாங்கூரும் அவர்கள் பக்கம் விழுந்தது. அதனை அடுத்து ஆங்கிலேய ஆலோசகர் ஆட்சி சிலாங்கூரில் காலூன்றிற்று. 1875 முதல் 1880 வரை அவ்வாட்சியின் தலைநகர் கிள்ளானே.

ஓடவாராவும் பாஞ்சாலங்குறிச்சியும்

வழியடைத்துக் கோட்டையை வெல்லுதல் கிள்ளானுக்கே உரிய செய்தியன்று. ஜப்பானில் சகாமி விரிகுடாவை ஒட்டி ஓடவாரா என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கு ஹோஜோ மரபினர் ஐந்து தலைமுறை ஆண்டனர். 1590-ஆம் ஆண்டில் ஹிதேயோஷி என்னும் தலைவர் பெரும்படையோடு வந்து நிலத்திலும் கடலிலும் அவ்வூரைச் சூழ்ந்தார். ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்தபின் கோட்டை பணிந்தது. மதிலை உடைத்து எவரும் உட்புகவில்லை.

இன்று ஓடவாராவுக்குச் செல்லும் பயணிகள் வியந்து நோக்கும் வெண்மாடம், 1590-இல் நின்றதன்று. பிற்காலத்தார் கட்டிய மாடம் 1870-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. கல்மதில்கள் 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்தன. இப்பொழுதுள்ள மாடம் 1960-ஆம் ஆண்டில் கான்கிரீட்டால் எழுப்பப்பட்டது. ஹோஜோ காலத்து அரணோ ஊரையே வளைத்த மண்கரையும் வறண்ட அகழியும் ஆகும். ஊருக்குப் பின்னுள்ள மேட்டுநிலத்தில் அவற்றின் சில பகுதிகள் இன்றும் உள. முற்றுகையைத் தாங்கிய உண்மைக் கோட்டையைக் காண விரும்புவோர், வெண்மாடத்தை விட்டு அம்மேட்டுக்கே செல்லல் வேண்டும்.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. 1799-ஆம் ஆண்டில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபின் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். 1801-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரையும் அவர் கூட்டத்தாரும் அதனைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். மார்ச்சு இறுதியில் தாக்கிய ஆங்கிலப் படை தோற்றுப் பின்வாங்கிற்று. மே மாதத்தில் புதுப்படையும் பெரும்பீரங்கிகளும் வந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. கல்மதிலாயின் இடித்ததை அத்துணை விரைவில் எழுப்பியிருத்தல் இயலாது. மண் என்பது வறியவர் கைப்பொருள் மட்டுமன்று. வீழ்ந்தும் எழக்கூடிய அரணும் ஆகும். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று காணப்படும் கோட்டை 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு நினைவாக அமைத்தது.

இம்மூன்று ஊர்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஓடவாராவில் 1960-இல் மாடம் எழுந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் நினைவுக்கோட்டை எழுந்தது. கிள்ளானில் அவ்வாறு பெருங்கட்டடம் எழவில்லை. அதனால் வந்த இழப்பு உண்டு, பயணிகள் திரளுவதில்லை. ஆயினும், பிற்காலக் கட்டடம் பழைய மண்ணை மறைக்காமையால், குன்றும் ஆறும் ஒன்றையொன்று நோக்கியிருந்த நிலையை இங்குத் தடையின்றி எண்ணிப் பார்க்கலாம்.

இரும்புப்பாதை

கிள்ளான் கோட்டையின் காலத்தை முடித்து வைத்தது பீரங்கி என்பதைவிட இரயில் என்பதே பொருந்தும். 1886 செப்டம்பர் 15-ஆம் நாள் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிற்று. 1890-ஆம் ஆண்டில் ஆற்றின்மேல் பாலம் அமைந்து, பாதை கிள்ளானை எட்டிற்று. 1901-ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது அதுவே. அதன்பின் ஈயம் படகில் வரவில்லை. ஆற்றை அடைத்து நாட்டை அடக்கும் ஆற்றல் எவர்க்கும் இல்லாமற் போயிற்று. கோட்டைக்கு வேலை இல்லை.

இவ்விடத்தில்தான் தமிழர் வரலாறு கிள்ளான் ஆற்றின் வரலாற்றோடு கலக்கிறது. இரயில் பாதையிலும் நிலையங்களிலும் பணிமனைகளிலும் தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தரும் பெருந்தொகையாக உழைத்தனர். அவர்கள் குடியிருப்பாக வளர்ந்த பகுதிகளுள் தலையாயது பிரிக்பீல்ட்ஸ். அப்பெயரிலும் மண் உண்டு. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. பின்னர்ச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்ற ஆணை பிறந்தது. அதற்குரிய செங்கற்சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். கிள்ளான் குன்றில் மண் அரணாயிற்று. அதே ஆற்றின் மேற்கரையில் மண் செங்கல்லாகி நகராயிற்று.

கிள்ளானைச் சுற்றித் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்க் குடும்பங்களும் பெருகின. 1892-ஆம் ஆண்டில் கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் தோன்றிற்று. தெங்கு கிளானா சாலையில் பூமாலையும் புடவையும் வாங்கும் தமிழர் கூட்டம் இன்றும் குறையவில்லை. தீபாவளிக் காலத்தில் அச்சாலையில் நடப்போருள் எத்தனை பேர், சிறிது தொலைவிலுள்ள கோட்டைக் குன்றை ஏறிப் பார்த்திருப்பர்? செஞ்சியையும் பாஞ்சாலங்குறிச்சியையும் பாடநூலில் கற்கும் மாணவன், தன் ஊர்க்குன்றின் கதையையும் அறிதல் வேண்டுமன்றோ?

காணும் முறை

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து கிள்ளானுக்கு இரயிலிலேயே செல்லலாம். கோட்டையை வென்ற பாதை அது. கிள்ளானில் இறங்கியதும் கெடோங் ராஜா அப்துல்லாவைக் காட்டி, அங்குக் குவிந்திருந்த ஈயத்தை நினைவூட்டலாம். அடுத்து, ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்துசென்று ஆற்றின் நடுவில் நிறுத்தி, மேலிருந்து வரும் படகு எந்த இடத்தில் நிற்கவேண்டியிருக்கும் என்று மாணவரையே கேட்கலாம். அதன்பின் குன்றுக்கு ஏறினால், வாயிலும் மேடும் வெறும் வாயிலாகவும் மேடாகவும் தோன்றா.

அங்கு மாணவர் கேட்கக்கூடிய வினா ஒன்றுண்டு. போரில் வென்றவர் தெங்கு குடின். குன்றின் பெயர் ஏன் ராஜா மஹ்டியுடையதாக இருக்கிறது? அவர் கிள்ளானை ஆண்டது மூன்று ஆண்டே. ஊரை இழந்தார், கோலசிலாங்கூரையும் இழந்தார், 1882-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மறைந்தார். ஆங்கிலேயர் எழுதிய ஏடுகளில் அவர் பெரும்பாலும் கலகக்காரராகவே காட்சியளிக்கிறார். அவர் குற்றமற்றவர் என்று கூறுதற்கில்லை. சுல்தானுக்குரியதைக் கொடாமை அவரது வீழ்ச்சிக்கு வழிகோலிற்று. எத்துணைச் சிறந்த அரணும் செயலில் மாட்சி இல்லாதார்க்குப் பயன்படாது என்று வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிப்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஆயினும், தந்தை ஆண்ட நிலத்தைத் தமக்குரியது என்று கேட்டவரின் பெயரை ஊரார் அழிய விடவில்லை. ஓடவாராவில் தோற்ற ஹோஜோவுக்கே விழா எடுக்கின்றனர். பாஞ்சாலங்குறிச்சியில் தோற்ற கட்டபொம்மனின் பெயரே நிலைத்தது. கிள்ளானிலும் மண் கரைந்தது. காத்து நின்றவன் பெயர் கரையவில்லை.